மதிலுக்கு அப்பால் ஒரு வகுப்பு

மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது சீனி வருத்தம் பற்றிய கட்டுரை. வைத்தியர் என்றால் மலருக்கு அதைத்தான் எழுத வேண்டும் என்பது எழுதாத சட்டம். அதை எழுத எம் பழைய மாணவியரில் என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நூற்றாண்டு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வேறொரு கேள்விதான் வந்தது. இந்த நூறு ஆண்டுகளில் இலங்கையில் ஒரு பாடசாலைப் பிள்ளை மரத்தையும் பறவையையும் நீரையும் படிப்பதற்கு எங்கே போனாள்? யார் அழைத்துப் போனார்கள்? எங்கள் பாலமுனைப் பிள்ளைகள் ஏன் அவ்வளவாகப் போகவில்லை? அந்த வரலாற்றைத் தேடி வாசித்ததில் கிடைத்ததையும் எனக்குத் தோன்றியதையும் இங்கே எழுதுகிறேன்.

20ஆம் நூற்றாண்டு பிறந்த கையோடு இலங்கை அரசாங்கம் பாடசாலைத் தோட்டத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக ஜே. சி. வில்லிஸ் இருந்த காலம் அது. கிராமப் பாடசாலைகளுக்கு விதையும் கன்றும் கொடுத்து, வளவின் ஒரு மூலையில் பிள்ளைகளைக் கொண்டே பயிரிடச் செய்தார்கள். இதைப் பார்த்துக்கொள்ள 'பாடசாலைத் தோட்டங்களின் மேற்பார்வையாளர்' என்று ஒரு பதவியே இருந்தது; சி. டிரிபேர்க் என்பவர் அதில் நெடுங்காலம் பணியாற்றினார். நோக்கம் முழுவதும் பிள்ளைகளின் நன்மை என்று சொல்லிவிட முடியாது. விவசாயம் பெருக வேண்டும், புதிய பயிர்கள் கிராமத்துக்குப் போய்ச்சேர வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆனாலும் ஆங்கிலப் புத்தகத்தில் உள்ள ஓக் மரத்தையும் டாபோடில் பூவையும் மனனம் செய்துகொண்டிருந்த காலத்தில், கத்தரியும் பயற்றையும் பாடமாக எண்ணியவர்கள் இருந்தார்கள் என்பதை நாம் குறித்துக்கொள்ளலாம்.

அதே காலத்தில் ஸ்கொட்லாந்தில் பற்றிக் கெடிஸ் என்றொரு மனிதர் இருந்தார். படித்தது உயிரியல். பிறகு நகர அமைப்பில் இறங்கிவிட்டார். எடின்பரோ நகரின் நெருக்கமான பழைய பகுதியில் வெறுமனே கிடந்த துண்டு நிலங்களைச் சிறு தோட்டங்களாக்கி, அங்குள்ள ஏழைப் பிள்ளைகளை அவற்றில் வேலைசெய்ய வைத்தார். 1892இல் அந்நகரில் ஒரு கோபுரத்தை எடுத்து அதைப் பாடசாலைபோல் நடத்தினார். மேலே ஏறினால் முதலில் உன் ஊர் தெரியும். கீழே இறங்க இறங்க நாடும் கண்டமும் உலகமும் படங்களாக வரும். ஊரைப் பார்த்த பிறகுதான் உலகம் என்பது அவர் வைத்த ஒழுங்கு. 1914இல் அவர் இந்தியாவுக்குப் புறப்பட்டபோது அவருடைய நகரக் கண்காட்சிப் பொருட்கள் ஏற்றிவந்த கப்பலை ஜேர்மனியரின் எம்டன் மூழ்கடித்துவிட்டது. (கெட்டிக்காரப் பிள்ளைகளை எங்கள் பெரியவர்கள் 'எம்டன்' என்று சொல்வார்களே, அதே எம்டன்தான்.) மனிதர் சளைக்கவில்லை. புதிய கண்காட்சியைச் சேர்த்து அடுத்த ஆண்டு சென்னையில் வைத்தார். 1921இல் கொழும்பு நகரத்துக்கும் ஓர் ஆரம்ப அறிக்கை எழுதிக் கொடுத்தார். கொழும்பைப் பூங்கா நகரம் என்று பேசத் தொடங்கியவர்களில் அவருக்கு முக்கிய இடம் உண்டு. ஆனால் பூங்கா என்றால் நிழலும் வாங்கும் மட்டும் என்றுதான் நாம் எடுத்துக்கொண்டோம். பிள்ளை கையில் மண் ஒட்டும் இடம் என்ற அவருடைய பாதியை மறந்துவிட்டோம்.

கெடிஸுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தவர் தாகூர். சாந்திநிகேதனில் 1901இல் தொடங்கிய அவருடைய பாடசாலையில் வகுப்புகள் மரத்தடியில் நடந்தன. 1934இல் தாகூர் இலங்கை வந்து ஹொரணையில் ஸ்ரீ பாலி நிறுவனத்துக்கு அடிக்கல் வைத்தார். மரத்தடி வகுப்பு எங்கள் ஊருக்குப் புதிதல்ல என்று நீங்கள் சொல்லக்கூடும். உண்மைதான். கட்டடம் போதாமல் வேம்பின் கீழ் இருந்து படித்தவர்கள் இந்த மலரை வாசிக்கும் ராத்தாமாரில் எத்தனையோ பேர். ஆனால் அங்கே மரம் கூரையாக நின்றது. பாடம் கரும்பலகையில்தான் நடந்தது. மரமே பாடமாவது வேறு விடயம்.

நாட்டில் அதை முறையாகச் செய்யத் தொடங்கியது தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை என்று சொல்லலாம். 1972இல் அதன் பணிப்பாளர் லின் டி அல்விஸ் இளம் விலங்கியலாளர் சங்கத்தைத் தொடங்கினார். பாடசாலைப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூடினார்கள். பாம்பு, பறவை, வண்ணத்துப்பூச்சி என்று குழுக்களாகப் பிரிந்து படித்தார்கள். மூத்த பிள்ளைகளே இளையவர்களுக்குக் கற்பித்தார்கள். அங்கிருந்து வளர்ந்தவர்கள் பின்னாளில் நாட்டின் உயிரியல் துறையில் பலவிடங்களில் நின்றார்கள். 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து களப் பறவையியல் குழு தோன்றியது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் வந்து, அதன்படி மத்திய சுற்றாடல் அதிகாரசபை அமைந்து, பாடசாலைகளில் சுற்றாடல் முன்னோடிப் படையணிகள் உருவாகின. பச்சை, வெள்ளி, தங்கம் என்று பதக்கங்கள் எல்லாம் உண்டு. தெஹிவளை ஞாயிற்றுக்கிழமை கொழும்புப் பிள்ளைக்குப் பஸ் தூரம். எங்களுக்கு அது ஓர் இரவுப் பயணம்.

நான் கொழும்பில் பணிசெய்த காலத்தில் பார்த்து வியந்த ஓர் இடம் பத்தரமுல்லைக்கு அருகே, கோட்டை பெத்தகான ஈரநிலப் பூங்கா. 1985இல் ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டைப் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சதுப்பின் ஒரு பகுதி அது. ஏறத்தாழ 18 ஹெக்டெயர். உலக வங்கி உதவியுடன் நடந்த கொழும்பு மாநகர அபிவிருத்தித் திட்டத்தின் கீழ் 2016இல் பூங்காவாகத் திறந்தார்கள். நகர அபிவிருத்தி அதிகாரசபை பொறுப்பாக இருக்கிறது. பூங்கா என்றதும் ஊஞ்சலையும் சறுக்கையும் தேடக்கூடாது. நீருக்கு மேலே மரப்பலகை நடைபாதை போகிறது. பறவை பார்க்க மறைவிடங்களும் ஒரு கோபுரமும் இருக்கின்றன. நுழைவாயிலில் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்ல ஒரு மண்டபம்.

ஒருநாள் காலை பெண்பிள்ளைகளின் பாடசாலைக் குழு ஒன்று அங்கே வந்திருந்தது. முப்பது பிள்ளைகள் இருக்கலாம். ஆசிரியை அவர்களைப் பலகைப் பாதையில் இடைவெளி விட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் வாய்திறக்காமல் கேட்கிற ஒலிகளை எழுதச் சொன்னார். முதல் நிமிடம் சிரிப்பு. பிறகு சத்தம் அடங்கியது. தாழைக்கோழி கத்தியது, தவளை, தூரத்தில் ஓட்டோ, யாரோ மரம் அரிகிற இயந்திரம். நகரமும் சதுப்பும் சேர்ந்துதான் அந்தத் தாளில் விழுந்தன. அடுத்து நீரை ஒரு வெள்ளைப் பீங்கானில் ஊற்றி அதில் ஓடுகிற பூச்சிகளைக் கணக்கெடுத்தார்கள். தும்பியின் குடம்பி இருந்தால் அது நுளம்பின் குடம்பியைத் தின்னும் என்று விளக்கியதைக் கேட்டபோது, டெங்கு பற்றி நான் செய்த சொற்பொழிவுகள் எல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தன. ஒரு பீங்கான் தண்ணீர் அவற்றைவிட நன்றாகச் சொல்லிவிட்டது.

அந்தச் சதுப்புகளைக் கொழும்பு காப்பாற்றியது அழகுக்காக மட்டுமல்ல. 2010 நவம்பரில் பெய்த மழையில் பாராளுமன்றமே வெள்ளத்தில் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். நிரப்பிக் கட்டினால் தண்ணீர் போக இடமில்லை என்பது அன்று நாடு முழுவதற்கும் காட்சியாகத் தெரிந்தது. 2018 ஒக்டோபரில் துபாயில் நடந்த ராம்சார் மாநாட்டில், உலகில் முதன்முதலாக ஈரநில நகரங்களாக ஏற்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்றாக இருந்தது. மீன்பிடிப் பூனை என்று ஒரு காட்டுப்பூனை, சிறுத்தைக்குட்டி போலப் புள்ளிகளோடு, தலைநகரின் கால்வாய்க்கரைகளில் இன்னும் வாழ்கிறது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். வாழ்கிறது.

தமிழ் பேசும் உலகில் இதற்கு நெருக்கமான முன்மாதிரி சென்னையின் அடையாறு பூங்கா. அடையாறு ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய ஓடைப்பகுதி பல ஆண்டுகள் குப்பையும் கட்டட இடிபாடுகளும் கொட்டுகிற இடமாகக் கிடந்தது. அதில் 58 ஏக்கரைத் துப்புரவாக்கி, ஓரோவில்லின் பிச்சாண்டிக்குளம் குழுவினரின் திட்டப்படி உள்ளூர் மரஞ்செடிகளையே நட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்று பெயரிட்டுத் திறந்தார்கள். எனக்குப் பிடித்தது அதை நடத்திய விதம். உலாவ வருவோருக்கு உடனே கதவைத் திறந்துவிடவில்லை. முன்பதிவு செய்து வரும் பாடசாலைக் குழுக்களுக்கே முதலிடம் கொடுத்தார்கள். பெயரும் பொருத்தம்தான். நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று பிரித்து, அந்தந்த நிலத்துக்கு மரமும் பறவையும் தொழிலும் சொன்ன நூல் தொல்காப்பியம். அந்தக் கணக்கில் பாலமுனைப் பிள்ளை கொடுத்துவைத்தவள். கிழக்கே நடந்தால் நெய்தல், மேற்கே நடந்தால் மருதம்.

கொடுத்துவைத்தும் ஏன் போகவில்லை? இங்கேதான் எங்கள் வரலாறு கொழும்பிலிருந்து பிரிகிறது.

எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது குமண. 1938இல் பறவைகள் சரணாலயமானது. பின்னர் யால கிழக்கு என்ற பெயரில் தேசிய பூங்காவானது. 2010இல் ராம்சார் ஈரநிலமானது. கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் குமண வில்லில் கூடுகட்டும் காட்சியைக் காண உலகின் மறுமுனையிலிருந்து வருகிறார்கள். எங்களுக்கு அக்கரைப்பற்று, பொத்துவில், பாணமை, ஒக்கந்தை என்று ஒரே கரையோரப் பாதை. ஆனால் அந்தப் பூங்கா போரினால் 1985இல் மூடப்பட்டு 2003இல்தான் மீண்டும் திறந்தது. என் வயதுக்காரிகள் முதலாம் வகுப்பில் சேர்ந்து உயர்தரம் முடித்து வெளியேறிய காலம் முழுவதும் அந்த 18 ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. சுற்றாடல் புத்தகத்தில் கூழைக்கடாவின் படத்துக்கு நாங்கள் நிறம் தீட்டினோம். உயிருள்ள பறவை ஒரு காலைப் பயணத் தூரத்தில் நின்றது.

போக முடிந்த ஆண்டுகளில் நாங்கள் போனது கல்விச் சுற்றுலா. அதன் ஒழுங்கு உங்களுக்குத் தெரியும். நடுச்சாமத்தில் பஸ், பின்இருக்கையில் சோற்றுச் சட்டிகள், மகியங்கனை தாண்டிப் 18 வளைவு. அதில் வாந்தி எடுக்காதவர் எம்மில் யார்? விடிந்ததும் பேராதனைப் பூங்கா, அதற்குள் ஒரு மணித்தியாலம், அரச பனைகள் வரிசையின் நடுவே ஒரு குழுப்படம், பிறகு நுவரெலியா. பேராதனைப் பூங்கா 1821இலிருந்து இருக்கிறது. ஆசியாவின் பெரிய தாவரவியல் கருவூலங்களில் ஒன்று. அதை ஒரு மணித்தியாலத்தில் ஓடிக் கடந்த எமக்கு நினைவில் நிற்பது வௌவால்கள் மட்டும்தான். சுற்றுலாவை நான் குறைசொல்லவில்லை. தோழியரோடு வீட்டுக்கு வெளியே கழித்த ஒரே இரவு பலருக்கு அதுதான். அதைக் களக் கல்வி என்று பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டு, அருகிலுள்ள களப்புக்குப் போகவேண்டிய தேவை முடிந்தது என்று நினைத்ததில்தான் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது பெண்பிள்ளைகளின் மலர் என்பதால் இங்கேதான் சொல்ல முடியும். என் காக்காமாருக்கும் தம்பிக்கும் கடற்கரையை யாரும் பாடசாலையில் கற்பிக்கவில்லை. கரைவலை இழுக்கிற இடத்தில் நின்றும் வாப்பாவோடு வயலுக்குப் போயும் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். எந்தக் காற்றுக்கு எந்த மீன், முகத்துவாரம் எப்போது வெட்டுவார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். நாங்களும் பத்து, பதினொரு வயதுவரை கூடவே ஓடினோம். பெரியபிள்ளையானதும் அந்தப் படிப்பு எங்களுக்கு நின்றுவிட்டது. கடல் அங்கேதான் இருந்தது. இரவில் சத்தம் கேட்டது. ஆகவே ஆண்பிள்ளைக்கு வெளிக்களப் பயணம் ஒரு மேலதிகப் பாடம். எங்கள் பிள்ளைக்கு, ஆசிரியைகளோடு தோழியரோடு பாடசாலைச் சீருடையில் போகிற அந்தப் பயணம்தான் ஒரே வழி. தயங்குகிற உம்மாமாரோடு நான் பேசியிருக்கிறேன். அவர்கள் கேட்பது நியாயமான கேள்விகள்: யார் கூடப் போகிறார்கள், தொழுகைக்கும் மலசலகூடத்துக்கும் என்ன ஒழுங்கு, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள். பதில் தாளில் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலானோர் கையொப்பம் இடுகிறார்கள்.

2004 டிசம்பர் 26 பற்றி எழுதாமல் இந்தக் கட்டுரையைக் கடந்துபோக எனக்கு முடியவில்லை. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்; 10,000க்கும் மேல். அதே காலையில் தாய்லாந்தின் புகெற் தீவில் 10 வயது ஆங்கிலேயப் பிள்ளை டில்லி சிமித், கடல் நுரைத்துப் பின்வாங்குவதைப் பார்த்து, இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் வகுப்பில் படித்தது இதுதான் என்று கத்தினாள். ஏறத்தாழ நூறு பேர் கரையைவிட்டு ஓடித் தப்பினார்கள். எங்கள் தீவில் பல கரைகளில் கடல் வற்றியதைக் கண்டவர்கள் வேடிக்கை பார்க்க இறங்கிப் போனார்கள். யாரையும் குறைசொல்ல எழுதவில்லை. அந்தப் பாடம் எங்களில் எவருக்கும் நடத்தப்பட்டிருக்கவில்லை. கண்டல் மரம் இருந்திருந்தால் எல்லோரும் தப்பியிருப்பார்கள் என்று மேடைகளில் சொல்வது மிகை. அவ்வளவு பெரிய அலைக்கு மரம் மட்டும் ஈடாகாது. ஆனால் யால கரையில், கடல் தெரியவில்லை என்று மணற்குன்றின் ஒரு பகுதியை அகற்றியிருந்த விடுதி ஒன்று முற்றாக அழிந்ததை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். மணல்மேடு என்ன வேலை செய்கிறது என்று ஒரு பிள்ளை அதன்மேல் நின்று கற்க வேண்டும்.

கற்பதற்கு எங்களுக்குத் தூரம் போகத் தேவையே இல்லை. 2008இல் தொடங்கி 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகம் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் கரையில் மணல் ஆண்டுக்கணக்கில் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். அலைதடுப்பு அணை அந்தப் பாதையை மறித்ததும் தெற்குப் பக்கம் மணல் தேங்கியது. துறைமுக வாயிலையே மணல் அடைத்தது. வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கடல் தென்னந்தோப்புகளைத் தின்றது. இதைப் படமாக வரைந்து விளக்க ஒரு பாடவேளை போதாது. அணையின் இருபுறமும் நின்று பார்த்தால் பத்து நிமிடம் போதும். தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் அதே ஒலுவிலில் இருக்கிறது. விளக்கம் சொல்லக்கூடியவர்கள் அங்கே உண்டு.

மரங்களுக்கும் குறைவில்லை. ஊர்ப்பெயர்களையே பாருங்கள்: மருதமுனை, ஆலையடிவேம்பு. அக்கரைப்பற்றுப் பக்கம் தில்லையாறு. தில்லை என்பது களப்போரத்தில் நிற்கும் கண்டல் வகை மரம். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வந்ததும் இந்த மரத்தால்தான். அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையாக எரிந்து பார்வை மங்கும். விறகு வெட்டிய ஒருவர் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தால் முதலில் நான் கேட்கும் கேள்வி என்ன மரம் என்பதுதான். வெட்டியவருக்குத் தெரியும். கூட்டிவந்த மகளுக்குப் பெரும்பாலும் தெரியாது.

கண் என்றதும் என் தொழில் சார்ந்த ஒரு விடயம். கண்ணாடி போட்டு வருகிற பெண்பிள்ளைகளின் வயது குறைந்துகொண்டே வருவதைக் காண்கிறேன். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பாடசாலைகளில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு மூன்றாண்டு ஆய்வு ஒன்று நடந்தது. பாதிப் பாடசாலைகளில் நாளொன்றுக்கு 40 நிமிடம் மேலதிகமாக வெளியில் வகுப்பு வைத்தார்கள். முடிவு 2015இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது. வழமைபோலப் படித்தவர்களில் 39.5 வீதத்தினருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியில் இருந்தவர்களில் 30.4 வீதம். மருந்தும் இல்லை, செலவும் இல்லை. தாய்வானில் நாளுக்கு 120 நிமிடம் பிள்ளைகளை வெளியே விடும் திட்டம் 2010இலிருந்து நடக்கிறது. எங்கள் பிள்ளைகள் பாடசாலை விட்டு ரியூஷனுக்கும் அங்கிருந்து ஓதலுக்கும் கூரையின் கீழிருந்து கூரையின் கீழ் போகிறார்கள்.

நூற்றாண்டு நினைவாகப் பழைய மாணவியர் சங்கம் ஒரு வாயில் வளைவு கட்டலாமா, வேறு ஏதும் செய்யலாமா என்ற பேச்சு நடக்கிறது. என் யோசனையை எழுத்தில் வைக்கிறேன். பாடசாலை வளவின் ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டு, ஊர்ப் பெயரோடு மாணவியரே ஒரு பதிவேடு தயாரிக்கட்டும். மூத்தம்மாமாரிடம் கேட்டால்தான் அந்தப் பெயர்கள் கிடைக்கும். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகள் அனுப்பும் உதவியில் நான்கு தொலைநோக்கிகளும் வெள்ளைப் பீங்கான் தட்டுகளும் வாங்கலாம். ஆண்டுக்கு இரண்டு பயணம்: ஒன்று துறைமுகக் கரைக்கு, ஒன்று களப்புக்கு. இரண்டும் பாடசாலை விடும் நேரத்துக்குள் திரும்பிவிடக்கூடிய தூரம். குமண அடுத்த கட்டம்.

மாதம் பெப்ரவரி அல்லது மார்ச். மாரி முடிந்திருக்கும், வலசைப் பறவைகள் இன்னும் போயிருக்காது. வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியை டிசம்பரிலேயே கேட்டுவைக்க வேண்டும். பத்துப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியை. ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர். மூடிய சப்பாத்து கட்டாயம். காலில் புண் உள்ள பிள்ளை நீரில் இறங்கக்கூடாது, எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வருகிறது. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் அவளுடைய பையிலேயே இருக்கட்டும், பஸ்ஸில் வேண்டாம். தில்லை மரத்தை ஆசிரியை முதலில் அடையாளம் காட்டிவிட வேண்டும். முதலுதவிப் பெட்டியையும் முதல் பயணத்துக்கு ஒரு வைத்தியரையும் நான் பொறுப்பேற்கிறேன். அந்த வைத்தியர் நான்தான்.